வேதநாயக சாஸ்திரியார் பாடல்கள் பிறந்த கதை

பினாங்கிலும் செபராங் பிறையிலும் உள்ள தமிழ்ச் சபைகள் பலவற்றில் இன்று கிதாரும் டிரம்மும் முழங்குகின்றன. இளைஞர் குழுக்கள் ராக் இசையில் தமிழ்ப் பாடல்களைப் பாடுகின்றன. முதியோர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். கீர்த்தனை ஒலித்த இடத்தில் மேனாட்டு ஓசை புகுந்துவிட்டதே என்பது அவர்கள் குறை. இளைஞருக்கோ கீர்த்தனை என்றால் பாட்டன் காலத்துப் பழம்பொருள். இரு சாராரும் ஒரு செய்தியை மறந்தே பேசுகின்றனர். சீர்திருத்தச் சபைகளின் தமிழ்ப் பாட்டு வரலாற்றில் முதலில் வந்தது மேனாட்டு மெட்டு; இராகமும் தாளமும் அதற்குப் பின்னரே வந்தன. அவையும் எளிதில் வரவில்லை. அவை வந்த கதையே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடல்களின் கதை. கிறித்தவரல்லாத தமிழாசிரியரும் அறிய வேண்டியது அது. தமிழ் யாப்புக்கும் அயல் மெட்டுக்கும் நடந்த வழக்கு அதனுள் அடங்கியிருக்கிறது.

செருமானிய அருட்பணியாளர் சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் பின்பற்றியது மார்ட்டின் லூதரின் சபை. லூதர் செய்த பெரும்புரட்சிகளுள் ஒன்று பாட்டைப் பொதுமக்கள் வாயில் கொடுத்தமையாகும். இலத்தீன் மொழியில் பாடகர் குழு மட்டும் பாடியதை மாற்றி, உழவனும் தச்சனும் தன் சொந்தச் செருமன் மொழியில் பாட வழி செய்தார். அந்தப் பாடல்களையே தரங்கம்பாடியாரும் தமிழில் பெயர்த்தனர். சொல் தமிழாயிற்று, மெட்டு மட்டும் செருமானியமாகவே நின்றது. இவ்வகைப் பாடல்கள் ஞானப்பாட்டு எனப் பெயர் பெற்றன. இத்துறையில் பெரும்பணி செய்தவர் 1740இல் இந்தியா வந்து 1791இல் மறைந்த பப்ரிசியஸ். வேதாகமத்தைத் தமிழில் தந்தவர். தமிழ் அகராதி ஒன்றும் தொகுத்தவர். அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் பல இன்றும் பாடப்படுகின்றன. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் நாவில் நிற்கும் பாட்டை எளிதாகப் பழித்துவிட முடியாது.

ஆயினும் அதில் ஒரு தடை இருந்தது. அதை இலக்கணம் படித்தவர் உடனே காண்பர். செருமானிய மெட்டில் ஓர் அசைக்கு ஒரு சுரம் என்பது பெருவழக்கு. எந்தச் சுரம் நீளும், எது குறுகும் என்பதை மெட்டே முடிவு செய்துவிடுகிறது. தமிழில் அந்த உரிமை எழுத்துக்கு உரியது. ‘மலை’ என்னும் சொல்லின் முதலெழுத்து நீண்ட சுரத்தில் விழுந்தால் கேட்பவன் காதில் அது ‘மாலை’ ஆகிறது. ‘படம்’ என்பது ‘பாடம்’ ஆகிறது. ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகிறது. குறில் நெடில் பிறழ்ந்தால் நம் மொழியில் ஓசை மட்டுமா கெடுகிறது? பொருளே மாறிவிடுகிறது. இன்னொன்று, செருமன் பாட்டு அடியின் இறுதியில் ஒத்து ஒலிப்பது. நம் செவியோ அடியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் தேடுவது. மொழிபெயர்த்தவர் எவ்வளவு வல்லவராயினும் இந்த இரண்டையும் ஒருங்கே காப்பது அரிது.

கத்தோலிக்கர் பக்கம் நிலை வேறாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீரமாமுனிவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடியபோது தமிழ்ப் பிரபந்த வகையையே கையாண்டார். நான் பேசுவது சீர்திருத்தச் சபையைப் பற்றியே.

வேதநாயகம் 1774ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம், சைவக் குடியிலிருந்து கிறித்தவராக மாறியவர். 1785இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனின் அறிவைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். (பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியது அதற்கு அடுத்த ஆண்டு. அக்காலத்தை மனத்தில் இருத்த இது நம் மாணவர்க்கு உதவும்.) சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்த இன்னொரு சிறுவர், பின்னாளில் 1798 முதல் 1832 வரை தஞ்சையின் மன்னராக விளங்கிய இரண்டாம் சரபோசி. இறந்த ஆசானுக்கு மன்னர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சைக் கோட்டையிலுள்ள கிறித்தவக் கோயிலில் அதை இன்றும் காணலாம். மன்னர் ஒருபுறம், புலவர் ஒருபுறமாக இவ்விரு மாணவரின் உறவே பல பாடல்களுக்குப் பின்னணி. வேதநாயகம் இருபது வயதை ஒட்டியே தஞ்சையில் சபையின் பள்ளித் தலைமையாசிரியரானார். பாடம் நடத்துபவர் பாட்டும் கட்டினார்.

அவருடைய பெருநூல் பெத்லகேம் குறவஞ்சி. 1800ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தது. குறவஞ்சியின் கட்டமைப்பைத் திருக்குற்றாலக் குறவஞ்சி படித்தவர் அறிவர். தலைவன் உலா வருவான். தலைவி கண்டு காதல் கொள்வாள். குறத்தி வந்து தன் மலைவளமும் நாட்டுவளமும் பாடிக் கைபார்த்துக் குறி சொல்வாள். பிறகு அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்க வந்து, தன் சிங்கியைத் தேடி அலைவான். சாஸ்திரியார் இந்தச் சட்டத்தில் ஓர் ஆணியையும் பிடுங்கவில்லை. உலா வருபவர் பெத்லகேம் நாதர். காதல் கொள்ளும் தலைவி திருச்சபை. குறி சொல்லும் குறத்தி விசுவாசம். பறவைக்குக் கண்ணி வைத்த சிங்கனும் நூவனும் இங்கே வலை வீசி மீன் பிடிக்கின்றனர். மனிதரைப் பிடிப்பவராவீர் என்று மீனவச் சீடரிடம் கிறித்து சொன்ன செய்தியை அறிந்தவர்க்கு இந்த மாற்றத்தின் பொருத்தம் விளங்கும். அறியாதவரும் சுவைக்கலாம், வலை வீசும் காட்சி தஞ்சைக் கடற்கரையார்க்குப் புதிதன்று.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. குறத்தி நாட்டுவளம் பாட வேண்டிய இடத்தில் சாஸ்திரியார் உலகின் நிலவியலையும் வானநூலையும் புகுத்தினார். கதிரவனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றுகின்றன என்னும் கோப்பர்னிக்கஸின் கொள்கை 1543இல் நூலாக வெளிவந்தது. மிஷன் பள்ளியில் அவர் கற்ற அந்தக் கல்வி, தஞ்சையில் சந்தப் பாட்டாகிக் குறவஞ்சிக்குள் வந்து அமர்ந்தது. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று இன்றும் நம் நாட்டில் கேட்பவர் உளர். அவர்க்கு இந்நூலின் பெயரைச் சொன்னால் போதும்.

இனி மன்னரைப் பற்றிய கதை. தஞ்சைப் பெரிய கோயில் இறைவன்மீது ஒரு பாட்டுப் பாடும்படி சரபோசி தம் பள்ளித் தோழரைக் கேட்டார் என்றும், மறுக்கவும் முடியாமல் இசையவும் முடியாமல் வீடு திரும்பிய புலவர் அன்றிரவே தம் மனத்தை விளித்து ஒரு கீர்த்தனை பாடி, அதையே மன்னருக்கு விடையாகத் தந்தார் என்றும் கிறித்தவ இல்லங்களில் சொல்வதுண்டு. அந்தக் கீர்த்தனை இன்றும் எங்கும் பாடப்படுகிறது. கதை செவிவழி வந்தது. அதைச் செவிவழிச் செய்தி என்றே மாணவர்க்குச் சொல்ல வேண்டும். ஆயினும் வரலாறு உறுதியாகக் காட்டும் ஒன்று இக்கதையினும் சுவையானது. அதே மன்னர்மீது கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் நடிக்கப்பெற்றது. பெத்லகேம் குறவஞ்சி பாடியவரும் அதே மன்னரின் ஆதரவைப் பெற்றிருந்தார். ஒரே அரண்மனையின் நிழலில் இரண்டு குறவஞ்சிகள்! மறுத்தவரை மன்னர் தள்ளிவிடவில்லை, தள்ளியவர்கள் வேறு.

1798இல் சுவார்ட்ஸ் மறைந்தபின் சில ஆண்டுகளில் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தனர். 1820களில் பூசல் முற்றியது. அவர்களுக்கு எதிராகச் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் எழுதிய முறையீடுகளில் நான்கு குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன: பழைய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள், சடங்குகளில் பூமாலை முதலியவற்றைத் தடுக்கிறார்கள், தமிழ் இசையை விலக்குகிறார்கள். முடிவில், 1829ஆம் ஆண்டளவில் அவர் மிஷன் பணியை இழந்தார். கைகொடுத்தவர் சரபோசி மன்னரே.

இந்த நான்கையும் ஒரே தராசில் வைக்க என்னால் இயலாது. தமிழ் இசைக்காக அவர் நின்றது சரி. லூதர் தம் மக்களுக்குத் தம் மொழியிலும் தம் பாட்டிலும் வழிபாட்டைத் தந்தார். அதே செயலைத் தஞ்சையில் செய்தவர் சாஸ்திரியார். லூதரின் மெட்டைக் கட்டிக் காத்தவர்கள் லூதரின் கருத்தைக் கைவிட்டனர் என்றே சொல்லலாம். ஆனால் சாதி வேறுபாடு சபைக்குள் நீடிக்க வேண்டும் என்று அவர் வாதாடியதை எவ்வகையிலும் ஏற்பதற்கில்லை. அவ்விடத்தில் நேர்வழி நின்றவர்கள் அவர் எதிர்த்த மிஷனரிகளே. அவரைப் போற்றி எழுதுவோர் பலர் இப்பகுதியை மெல்லக் கடந்துவிடுகின்றனர். பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் அப்படிக் கடக்கலாகாது. ஒரே மனிதர் ஒரே முறையீட்டில் நல்லதற்கும் தீயதற்கும் வாதாடினார் என்பதை வளர்ந்த மாணவன் தாங்கிக்கொள்வான்.

வழக்கு எப்படித் தீர்ந்தது? அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வழிபாட்டுக்கென வெளியிட்டார். அத்தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் மிகுதி. 1864இல் தொண்ணூறாம் வயதை நெருங்கி மறைந்த புலவர், தம் பாட்டு அச்சேறிப் பரவியதைக் கண்டே மறைந்தார். மேனாட்டு மெட்டு வேண்டும் என்றவர்களும் மேனாட்டார். தமிழ் மெட்டே வேண்டும் என்று அச்சிட்டவரும் மேனாட்டார். ஆகவே இதனை இனப் போராக்கிப் பார்ப்பது பொருந்தாது.

கீர்த்தனை வென்றதற்கு அதன் அமைப்பே முதற்காரணம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் மூன்றில் எழுத்தறியாதவன் பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். சரணத்தை முன்பாடுபவர் பாடுவார். கூட்டம் பல்லவிக்குத் திரும்பும். அச்சிட்ட ஞானப்பாட்டுக்குப் புத்தகம் தேவை. பல்லவிக்குச் செவி போதும். தோட்டங்களில் லயன் வீடுகளின் முன் கிறிஸ்துமஸ் பஜனை வந்தவர்களை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். கைத்தாளமும் ஒரு பழைய ஆர்மோனியமும் அன்றி வேறில்லை. புத்தகம் ஏந்தியவர் ஒருவரே. கூட்டம் முழுதும் பாடியது.

தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வேறு, மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. மாணவர் இருவரையும் ஒருவராக்கி விடுவர். சில கட்டுரைகளே அப்படி ஆக்குகின்றன. பிள்ளையவர்கள் (1826–1889) கத்தோலிக்கர், முன்சீப், பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பிறந்த காலம், 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின் காலத்தை ஒட்டியது. பஞ்சத்தில் அவர் ஏழைகளுக்குச் செய்த உதவியைக் கண்டு, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீதே ஒரு கீர்த்தனை பாடினார். மனிதரைப் பாட விரும்பாத ஒரு சிவபக்தர் கிறித்தவ நீதிபதியைப் பாடியதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? தஞ்சை ஆபிரகாம் பண்டிதரையும் ஒரு சொல்லாவது சொல்லியாக வேண்டும். 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பேரிசை நூலை வெளியிட்ட அவர், கிறித்தவக் கீர்த்தனைகளும் இயற்றியவர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

இளைஞர் குழுக்களிடம் மீள்வோம். பழைய கீர்த்தனைகளை ராக் இசையில் அமைத்துப் பாடும் வழக்கம் இப்போது உண்டு. ஆதி தாளக் கீர்த்தனைக்கு அது பெரிதும் இடையூறு செய்வதில்லை. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் டிரம்மின் நான்கு அடி இருமுறை அடங்கிவிடுகிறது. சொல்லும் சிதையாது. ஏழு எண்ணிக்கையுள்ள மிசிரசாப்புக் கீர்த்தனையை அதே நான்கடிக்குள் திணிக்கும்போதுதான் ஓர் எண்ணிக்கையை எங்கேனும் கூட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஓர் எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு குறிலின்மேல் விழுந்து அதை நெடிலாக்குகிறது. பப்ரிசியஸ் காலத்து இடர்ப்பாடு மீண்டும் தலைகாட்டுகிறது. நல்ல பயிற்சியுள்ள டிரம்காரர் ஏழையே அடித்துப் பழகிக்கொள்கிறார். அப்படிப் பழகியவர்களைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். ஆகவே குறை கருவியில் இல்லை.

கருவியைவிட என்னைக் கவலைக்குள்ளாக்குவது திரை. தமிழ் எழுத்து அறியாத இளையோர்க்காகப் பல இடங்களில் பாடல் ரோமன் எழுத்தில் ஒளியிடப்படுகிறது. அதில் லகர, ளகர, ழகரங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குறிலையும் நெடிலையும் பிரிக்க அடையாளமும் இடுவதில்லை. தட்டச்சு செய்தவர் மலை என்று எண்ணி எழுதியதை, பாடுபவர் மாலை என்று படித்துப் பாடுகிறார். திரையில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே.