இல்லம் புகும் நோய்

நெய்வேலி நகரியத்தில் சுரங்கத் தொழிலாளரும் மருத்துவமனைச் செவிலியரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். சுரங்கத்தினின்று மீளும் தொழிலாளி, மேனியிற் படிந்த பழுப்பு நிலக்கரித் துகளைக் கண்ணாற் கண்டு கழுவிவிடுகிறான். செவிலிக்கோ அவ்வாய்ப்பு இல்லை. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாக் கிருமி கண்ணுக்குப் புலனாகாதது. அன்றியும், காய்ச்சலும் இருமலும் தோன்றுதற்கு ஓரிரு நாள் முன்னரே பிறரைப் பற்றும் இயல்பினது. உடை மாற்றிக் கைகழுவி இல்லம் புகுந்தாலும், மூச்சிலே தங்கிய கிருமியை வாயிலில் நிறுத்த இயலுமோ?

அவ்வாண்டில் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் இதனை ஆராய்ந்தனர். நோயாளரை நேரிற் பேணியோர் கொரோனாவால் மருத்துவமனையிற் சேரும் நிலை, ஏனைய மருத்துவப் பணியாளரினும் மும்மடங்காக இருந்தது. அவர்தம் வீட்டாருக்கும் அது, ஏனையோர் வீட்டாரினும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. நோயாளியின் முகத்தையும் கண்டறியாதோர் அவ்வீட்டார்!

ஆதலின், சென்னை போன்ற நகரங்களில் மருத்துவரும் செவிலியரும் பலர் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். விடுதி வாய்க்காதோர், சன்னல் திறந்த தனியறையில் முகக்கவசத்துடன் தம் வீட்டிலேயே விருந்தினர்போல் ஒதுங்கி இருந்தனர். பிள்ளைகள் உணவுத் தட்டினைக் கதவருகே வைத்து விலகிய பின்னரே தாயர் கதவைத் திறந்தனர்.