கருணைக்கிழங்கு சாப்பிட்டா நாக்கு அரிக்குதே... ஏன்?

பொங்கல் வந்தால் கோவில்பதாகை, ஆவடி பக்கக் காய்கறிக் கடைகளில் கிழங்குகள் குவிந்துவிடும். சேனை, கருணை நறுக்கினால் கை அரிக்கும். சரியாக வேகாவிட்டால் நாக்கும் நமநமக்கும். காரணம், கிழங்கில் உள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் மாதிரி இவை குத்தும். 'புளி ஊத்தி வேக வை' என்று பாட்டிகள் சொல்வது சும்மா இல்லை. புளியின் அமிலம் படிகங்களைக் கரைக்க உதவும்.

அன்னாசியில் கதை வேறு. அதிலுள்ள புரோமலைன் நொதி புரதத்தைச் சிதைக்கும்; நாக்கையும் விடாது.

கேரட்டைப் பச்சையாகக் கடித்தால் வாய் அரிக்கிறது, பொரியலில் ஒன்றும் ஆகவில்லையா? மகரந்த அலர்ஜியாக இருக்கலாம். கேரட்டின் புரதம் மகரந்தப் புரதத்தைப் போலவே இருப்பதால் உடல் ஏமாந்துபோகிறது. வெந்தால் அந்தப் புரதம் உருமாறிவிடும். இந்த அரிப்பு பெரும்பாலும் சற்று நேரத்தில் அடங்கும். ஆனால் தொண்டை வீங்கி மூச்சு திணறினால், 'வெறும் அரிப்புதானே' என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.