04546, 04868: ஒரே மலைக்கு இரண்டு குறியீடு

போடிநாயக்கனூரில் பழைய ஏலக்காய் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் தொலைபேசி எண் 04546-28 என்று ஆரம்பிக்கும். மேற்கே மலை ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போனால் 04868. சரக்கு ஒன்றுதான், மலையும் ஒன்றுதான். மேலே விளையும் காய் கீழே போடிக்கு ஏலத்துக்கு வருகிறது. காலையில் கீழேயிருந்து ஜீப்பில் மேலே வேலைக்குப் போகும் ஆட்கள் சாயங்காலம் கீழே இறங்குகிறார்கள். ஆனால் தொலைபேசிக்கு இவை இரண்டும் வேறு வேறு உலகம். ஏன் அப்படி என்று தோண்டிப் பார்த்த குறிப்புகள் இவை.

முதலில் அந்த 0. அது குறியீட்டில் சேர்த்தியே இல்லை. "நான் வெளியூருக்குப் பேசப் போறேன்" என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் சைகை, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து போடிக்குக் கூப்பிடுகிறவர்கள் 91 போட்டு நேராக 4546 என்று போடுவது அதனால்தான். ஆக, உண்மையான குறியீடு 4546.

இந்த நான்கு எண்களையும் இடமிருந்து வலமாக ஒரு முகவரி மாதிரி வாசிக்கலாம். 4 என்றால் தெற்கு. சென்னை 44, ஹைதராபாத் 40, கோவை 422, திருச்சி 431. அடுத்து 45 என்று வந்தாலே மதுரை வட்டாரம்: மதுரை 452, திண்டுக்கல் 451, கொடைக்கானல் 4542, பழனி 4545, உசிலம்பட்டி 4552, உத்தமபாளையம் 4554. திருநெல்வேலிப் பக்கம் 46. அதற்கு மேல் 47, 48, 49 மூன்றும் கேரளா: திருவனந்தபுரம் 471, கொச்சி 484, கோழிக்கோடு 495. இடுக்கிக்குள் போனால் தொடுபுழா 4862, அடிமாலி 4864, மூணாறு 4865, நெடுங்கண்டம் 4868, பீர்மேடு 4869.

சில குறியீடு இரண்டு இலக்கம், சில மூன்று, சில நான்கு. ஏன் இந்தக் குழப்பம்? குழப்பமே இல்லை, சின்னக் கணக்குதான். குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கம் வரணும். சென்னையில் குறியீடு 2, எண் 8. மதுரையில் 3, 7. போடியில் 4, 6. பெரிய ஊருக்கு நிறைய எண் வேண்டும், அதனால் குறியீடு குட்டை. சின்ன ஊர்களைப் பல துண்டாகப் பிரிக்கணும், அதனால் குறியீடு நீளம்.

ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் எண் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். கிடைக்காது. 0-வில் ஆரம்பித்தால் அது வெளியூர் அழைப்பு. 1-ல் ஆரம்பித்தால் 100, 101, 108 போன்ற சேவைகள். 2000-களின் தொடக்கத்தில் தனியார் கம்பெனிகள் லேண்ட்லைனுக்குள் வந்தபோது, பி.எஸ்.என்.எல். எண்களுக்கு முன்னால் ஒரு 2 ஒட்டிக்கொண்டது. போடியின் 28, தேனியின் 25, பெரியகுளத்தின் 23 எல்லாவற்றிலும் முதலில் நிற்கும் 2 அதுதான். 2-ல் ஆரம்பிக்கும் ஆறு இலக்க எண்கள் மொத்தம் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தைத்தான் போடி, தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி எல்லாம் பங்கு போட்டுக்கொண்டன.

இந்த ஊர்கள் எல்லாம் ஒரே குறியீட்டுக்குள் எப்படி வந்தன? நாடு முழுவதும் 2,600-க்கும் மேற்பட்ட "குறுந்தூரக் கட்டணப் பகுதி"களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரு தாலுகா அல்லது சில தாலுகாக்கள் சேர்ந்தது ஒரு பகுதி. போடி ஜமீன் பிரிட்டிஷ் காலத்தில் பெரியகுளம் தாலுகாவில் இருந்தது. பிறகு தாலுகாக்கள் பிரிந்தன, 1996-ல் மதுரையிலிருந்து தேனி மாவட்டமே தனியாகப் பிரிந்தது. ஆனால் 4546-க்குள் போடியும் பெரியகுளமும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. வருவாய்த் துறை மறந்த பழைய உறவைத் தொலைபேசி ஞாபகம் வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

இதில் வேடிக்கையும் உண்டு. போடியிலிருந்து தேவாரம் கூப்பிடு தூரம். ஆனால் அது உத்தமபாளையம் பக்கம், 04554. கொடைக்கானல் அடிவாரத்தில், பெரியகுளத்தையும் தாண்டி இருக்கிற தேவதானப்பட்டி 04546. அதாவது தூரத்து ஊர் லோக்கல், பக்கத்து ஊர் எஸ்.டி.டி.!

இப்போது மலைக்கு வருவோம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு கொண்டை ஊசி வளைவுகள் வழியாகச் சாலையில் சுமார் 25 கி.மீ. அங்கேயே மாநில எல்லை. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளாவில் இருந்துவிட்டன. தொலைத்தொடர்பு வட்டங்களும் மாநில எல்லையை ஒட்டியே போடப்பட்டன. அதனால் போடிக்கும் பூப்பாறைக்கும் நடுவே இருப்பது வெறும் குறியீட்டுக் கோடு இல்லை, வட்டக் கோடு. எண்ணைச் சுழற்றினால் பேச்சு மலை மேல் நேராக ஏறாது. படிநிலைப்படி தமிழ்நாட்டு டிரங்க் எக்ஸ்சேஞ்சுக்குக் கிழக்கே போய், அங்கிருந்து கேரளத்து எக்ஸ்சேஞ்சுக்குத் தாவி, திரும்ப மலை ஏறணும். ஜீப் நேராகப் போகும், குரல் ஊரைச் சுற்றிப் போகும்.

இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. மற்ற ஊர்கள் எல்லாம் வரிசையில் காத்திருந்தன. அதுவரை டிரங்க் கால்தான். ஆபரேட்டரிடம் பதிவு செய்துவிட்டு, சாதாரணமா, அர்ஜெண்டா, லைட்னிங்கா என்று காசுக்கேற்ற அவசரத்தைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருக்கணும். ஏலக்காய் மாதிரி விலை ஏறி இறங்கும் சரக்குக்கு இது சாதாரண விஷயமா? கீழே ஏலத்தில் என்ன விலை போச்சு என்ற தகவல் யார் கைக்கு முதலில் வருகிறதோ அவருக்குத்தான் பேரம். மேலே தோட்டத்தில் இருக்கிற சின்ன விவசாயிக்கு அந்தத் தகவல் கடைசியில்தான் போகும். முதலில் போவது அவரிடம் காய் வாங்க வருகிறவருக்கு.

1984-ல் சி-டாட் தொடங்கப்பட்டு, கிராமங்களுக்கான 128 இணைப்பு எக்ஸ்சேஞ்சுகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. கூடவே மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள். பகலில் முழுக் கட்டணம், சாயங்காலத்துக்கு மேல் குறையும், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம். பூத்து வாசலில் ராத்திரி கூட்டம் நின்றதெல்லாம் இந்தக் கணக்கால்தான். பிறகு மாநிலத்துக்குள் பக்கத்து ஊர்களுக்கு 0-வுக்குப் பதில் 95 போட்டால் மலிவு என்று ஒரு ஏற்பாடு வந்தது. 2006 மார்ச் 1-ல் பி.எஸ்.என்.எல். "ஒன் இந்தியா" திட்டத்தில் நாட்டில் எங்கே பேசினாலும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று ஆனபோது, தூரத்துக்குக் காசு என்ற அடிப்படையே ஆட்டம் கண்டது.

செல்போன் வந்ததும் கோடு போய்விட்டதா? இல்லை, இடம் மாறியது. போடிமெட்டு தாண்டியதும் "கேரளாவுக்கு வரவேற்கிறோம்" என்று மெசேஜ் வரும், கூடவே ரோமிங்கும் வரும். தினமும் மலை ஏறி இறங்கும் கூலித் தொழிலாளி வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலே காசு போன காலம் உண்டு. 2017 வாக்கில் போட்டியின் நெருக்கடியில் கம்பெனிகள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்ட பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போது லேண்ட்லைன் குறியீடுகளுக்கே முடிவுரை எழுதத் தொடங்கிவிட்டார்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குக் கூப்பிட 0 கட்டாயம். 2025 பிப்ரவரியில் டிராய் இன்னொரு பரிந்துரை தந்தது: லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்கு, பக்கத்து வீடாக இருந்தாலும், 0-வும் குறியீடும் சேர்த்தே போடணும். எண் ஒதுக்கீடும் குறுந்தூரப் பகுதி வாரியாக இல்லாமல் மாநில வட்டம் வாரியாக மாறணும். இருக்கிற எண்கள் மாறத் தேவையில்லை. காரணம் நியாயமானதுதான். லேண்ட்லைன் குறைந்துவிட்டது, ஒவ்வொரு பகுதியிலும் எண்கள் உபயோகமில்லாமல் முடங்கிக் கிடக்கின்றன.

இது முழுதாக நடந்தால் போடிக்கும் தேவாரத்துக்கும் நடுவே இருக்கிற கோடு அர்த்தம் இழக்கும். போடிக்கும் பூப்பாறைக்கும் நடுவே இருக்கிற கோடு அப்படியே நிற்கும். தாலுகா மறையும், மாநிலம் மறையாது.

"சரிப்பா, இதெல்லாம் தெரிஞ்சு எனக்கென்ன?" என்று கேட்டால், ஒரு விஷயத்துக்கு இந்தக் குறியீடு இன்னும் உயிர் காக்கும். 1077 என்பது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண். எல்லா மாவட்டத்துக்கும் அதே எண்தான். செல்போனிலிருந்தோ வெளி மாவட்டத்திலிருந்தோ கூப்பிடும்போது, எந்த மாவட்டம் என்று சொல்வது முன்னால் போடும் எஸ்.டி.டி. குறியீடுதான். 2018 கேரள வெள்ளத்தின்போது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்தால், மேலே தோட்டத்தில் மாட்டிக்கொண்டவருக்காகக் கீழே போடியில் இருக்கிற உறவினர் வெறும் 1077 போட்டால் போதாது. தேனி ஆட்சியர் அலுவலகத்துக்கு 04546, இடுக்கிக்கு 04862. மலை மேல் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இந்த இரண்டையும் சுவரில் எழுதி வைப்பது நல்லது.