சேற்றில் இறங்கிக் கற்போம்

வளர்ந்தவர்களை வாங்கில் இருத்தி, கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மட்டும் கல்வி ஆகிவிடாது. நாற்று நட்ட கையும் வரம்பில் நடந்த காலும் மூளையோடு சேர்ந்தே கற்கின்றன.

இதற்கு இந்தோனேசிய விவசாயிகள் நல்ல சான்று. அங்கே அறக்கொட்டியான் நெல்லை அழித்தது. மருந்து அடிக்க அடிக்க அது பெருகியது. அதைத் தின்னும் சிலந்திகளும் மருந்தால் செத்ததே காரணம். 1986இல் அரசு 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்கு அடிப்பதைத் தடை செய்தது. 1989இல் விவசாயிகளுக்கான வயற் பாடசாலைகள் தொடங்கின.

ஏறத்தாழ 25 பேர், வாரம் ஒரு காலை, ஒரு போகம் முழுவதும் வயலில் கூடினர். சேற்றில் இறங்கிப் பயிரின் அடியில் பூச்சிகளை எண்ணினர். கண்டதைப் பெரிய தாளில் வரைந்தனர். வரைவதற்கு எழுத்தறிவு தேவையில்லை. வலையால் மூடிய நெற்செடிக்குள் சிலந்தியையும் அறக்கொட்டியானையும் விட்டு, எது எதைத் தின்கிறது என்று கண்ணாரக் கண்டனர். பிறகே, மருந்து தேவையா எனக் கூடிப் பேசி முடிவெடுத்தனர்.

காணியை விட்டு வந்த நம்மவர் கைகளில் பல போகங்களின் அறிவு இருக்கிறது. ஆனால் வந்த இடத்து மண் வேறு, தண்ணீர் வேறு. இடம்பெயர்ந்த பின் வளர்ந்த இளையோர் பலர் மண்வெட்டி பிடித்ததேயில்லை. வாய்ச்சொல்லால் மட்டும் அந்த அறிவு அவர்களிடம் சேராது.

வளவில் ஒரு பாத்தி போதும். வாரம் ஒருநாள் மூத்தோரும் இளையோருமாக அதனருகே குந்தியிருப்போம். இலையைப் புரட்டுவோம், எண்ணுவோம், வரைவோம், பேசுவோம். காணி திரும்பக் கிடைக்கும் நாளில், அதைச் செய்யத் தெரிந்த கைகளும் நம்மிடம் இருக்கவேண்டும்.