மக்காவின் மலைநீர்: வந்த வழியும் வடிந்த வழியும்

ஹஜருல் அஸ்வத் கல்லை எடுத்து வைப்பது யார் என்று குறைஷியர் பூசலிட்டதையும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் துணியை விரித்து அப்பூசலைத் தீர்த்து வைத்ததையும் நம் மதரஸாப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். ஆனால் கஅபாவை அப்போது புதிதாகக் கட்ட நேர்ந்தது ஏன் என்று வினவினால் பெரும்பாலும் விடை வருவதில்லை. மலைவெள்ளத்தால் அதன் சுவர்கள் வெடித்திருந்தன என்பது ஸீரா ஆசிரியர்கள் கூறும் காரணங்களுள் ஒன்றாகும்.

மக்காவின் நில அமைப்பு அத்தகையது. அபூ குபைஸ் முதலிய மலைகள் வெறும் பாறைகள். சரிவில் விழும் மழையை உறிஞ்ச அங்கே மண்ணில்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். அதுவும் ஓரிரு பொழுதில் கொட்டிவிட்டால், கல்லையும் மணலையும் புரட்டிக்கொண்டு இப்ராஹீம் ஓடை வழியே இறங்கும். அவ்வோடையின் தாழ்நிலத்தில்தான் ஹரம் ஷரீஃப் அமைந்துள்ளது.

ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) உம்மு நஹ்ஷல் எனப்படும் வெள்ளம் மகாமு இப்ராஹீமையே பெயர்த்து ஊரின் கீழ்ப்புறம் கொண்டுசென்றது. மதீனாவிலிருந்து விரைந்து வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதன் பழைய இடத்தை அறிந்தவர் எவரேனும் உண்டா எனக் கேட்டார்கள். இப்படியொரு நாள் வரும் என அஞ்சி முன்பே கயிற்றால் அளந்து வைத்திருந்ததாக முத்தலிப் இப்னு அபீ வதாஆ என்பவர் கூறினார். கயிறு வரவழைக்கப்பட்டது, மகாம் தன் இடத்தில் அமர்ந்தது. கலீஃபா அத்துடன் திரும்பிவிடவில்லை. மேல் மக்காவில் பெருங்கற்களால் ரத்ம் எனும் அணையைக் கட்டி வெள்ளத்தைத் திருப்பினார்கள். இவற்றையெல்லாம் அஸ்ரகீ தம் மக்கா வரலாற்றில் பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 80இல் ஹாஜிகளையே வெள்ளம் அடித்துச் சென்றபோது, ஓடையோர வீடுகளுக்குக் காப்புச்சுவர் எழுப்பக் கலீஃபா அப்துல் மலிக் பொருள் அனுப்பினார்.

வெள்ளம் ஒருபுறமிருக்க, ஊரின் அன்றாடத் துன்பம் தாகமே. ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் ஹுனைன் பக்கத்து நீரை மக்காவுக்கும், நுஃமான் பள்ளத்தாக்கின் நீரை அரஃபாத்துக்கும் கொண்டுவந்தார். நீர் தன் எடையாலேயே மெல்ல இறங்கி வருமாறு மலையோரமாகக் கால்வாய் அமைந்தது. மணலை அள்ள ஆங்காங்கே கிணறு போன்ற திறப்புகள் வைக்கப்பட்டன. அவற்றை அள்ளாது விட்ட காலங்களில் நீர் நின்றது. தம் இளமையில், அரஃபாத் பெருநாளில் சிறு தோற்பை நீர் ஒரு பொற்காசுக்கு விற்றதைக் கண்டதாக குத்புத்தீன் நஹ்ரவாலீ எழுதுகிறார். இவர் குஜராத்தின் நஹ்ர்வாலாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தவர்.

அரஃபாத் கால்வாயை மக்கா வரை நீட்ட சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா முன்வந்தார். ஸுபைதாவின் வேலை ஒரு கடும்பாறையின் முன் நின்றுபோயிருந்தது பின்னரே தெரிந்தது. பாறைமீது இரவெல்லாம் விறகெரித்து, இளகிய அளவுக்கு உடைத்து முன்னேறினர். ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழிந்து ஹிஜ்ரி 979இல் நீர் ஊருக்குள் வந்தது.

நீர் கொணர்ந்த ஸுபைதாவை மேடைதோறும் போற்றுகிறோம், அது தக்கதே. நீரை வடித்த ரத்மை எவரும் பேசக் கேட்டதில்லை. ஆயினும் வடிகால் தளர்ந்தபோது விலை பெரிதாகவே இருந்தது. 1630இல் வெள்ளத்தால் கஅபாவின் சுவர்கள் இடிந்து, நான்காம் முராத் காலத்தில் மீண்டும் கட்டப்பட்டன. 1941 வெள்ளத்தில் நீந்தியே தவாஃப் செய்தவரின் புகைப்படத்தை வியந்து பார்ப்போர், அது வடிகால் இல்லாத நகரின் படம் என்பதை எண்ணுவதில்லை. பிற்கால விரிவாக்கங்களின்போதுதான் வெள்ளநீர் செல்ல நிலத்தடி வழி அமைக்கப்பட்டது.

இன்று மக்காவின் குடிநீரில் பெரும்பகுதி ஷுஐபாக் கடற்கரையில் உப்பு நீக்கப்பட்டு, குழாய்களில் மேலேற்றப்படுகிறது. நீர் கொணரும் கலை அவ்வளவு வளர்ந்துவிட்டது. ஆனால் 2009 நவம்பர் 25, துல்ஹஜ் 8ஆம் நாள், ஹாஜிகள் மினாவுக்குப் புறப்பட்ட அன்றே, ஜித்தாவில் பெய்த மழை நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. ஓடைப்படுகைகளில் குடியிருப்புகள் எழும்பியிருந்தன. மழைநீர் வடிகால் நகரின் பெரும்பகுதியில் இல்லை. மலையடிவாரத்தில் அணைகளும், கடல் வரை செல்லும் கால்வாய்களும் அதன் பிறகே கட்டப்பட்டன.