குளிர் கூரையும் பசுமைக் கூரையும்

குளிர் கூரை என்பது சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பி, ஏற்ற வெப்பத்தையும் விரைவாக வெளியிடும் கூரையாகும். பசுமைக் கூரை என்பது நீர் கசியாத தளத்தின் மேல் மண் பரப்பிச் செடிகள் வளர்க்கப்படும் கூரையாகும். கோடை வெப்பத்திலிருந்து கட்டடங்களையும் நகரங்களையும் காக்க இவ்விரண்டும் பயன்படுகின்றன.

நகரம் ஏன் கொதிக்கிறது?

கான்கிரீட், தார், செங்கல் ஆகியவை பகலில் வெப்பத்தை உள்வாங்கி இரவில் மெல்ல வெளிவிடுகின்றன. மரங்களும் ஈரமண்ணும் குறைந்த நகரம், சுற்றியுள்ள சிற்றூர்களைவிடக் கூடுதலாகச் சூடாகிறது. இது நகர வெப்பத்தீவு எனப்படும். தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த சிறு வீடுகளில் வசிப்போரே இதனால் மிகுதியும் துன்புறுகின்றனர். அவர்களின் தலைக்கு மேலே சில மில்லிமீட்டர் தகடு மட்டுமே இருக்கிறது.

குளிர் கூரை இயங்கும் முறை

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. 30 சதுர மீட்டர் கொண்ட கருநிறக் கூரை அதில் 80 விழுக்காட்டை ஏற்றால், 24 கிலோவாட் வெப்பம் கூரையில் சேரும். வெண்பூச்சு பூசி, 20 விழுக்காடு மட்டுமே ஏற்கும்படி செய்தால், அது 6 கிலோவாட்டாகக் குறையும்.

எதிரொளிப்பு மட்டும் போதாது. ஏற்ற வெப்பத்தை உமிழும் திறனும் வேண்டும். பளபளக்கும் புதுத் தகரம் ஒளியை ஓரளவு திருப்பினாலும், வெப்பத்தை எளிதில் உமிழ்வதில்லை. ஆகவே வெயிலில் தொட்டால் சுடுகிறது. அதன்மேல் வெள்ளை வண்ணம் பூசினால் இக்குறை நீங்கும்.

சுண்ணாம்பு, எதிரொளிப்பு வண்ணம், உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகள் ஆகியவை வழக்கமான பொருள்கள். சுண்ணாம்பு மலிவானது, ஆனால் மழையில் கரைவதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மீண்டும் அடிக்க வேண்டும்.

பசுமைக் கூரை இயங்கும் முறை

தளத்தின் மேல் நீர்த்தடுப்புப் படலம், வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிதுணி, மண், செடி என அடுக்குகள் அமைகின்றன. செடிகள் நிழல் தருகின்றன. மண் வெப்பத்தைத் தடுக்கிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை.

வறண்ட நகரங்களின் சிக்கலும் இதில்தான் உள்ளது. நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், 30 சதுர மீட்டர் கூரைக்கு 120 லிட்டர் வேண்டும். இந்தியாவில் நகரவாசி ஒருவருக்குத் திட்டமிடப்படும் அன்றாட நீரின் அளவே 135 லிட்டர்தான். குடிநீருக்கே வரிசையில் நிற்கும் தெருவில் இது பொருந்தாது. குளித்த நீரையும் துவைத்த நீரையும் சுத்திகரித்துப் பாய்ச்ச முடிந்த பெரிய கட்டடங்களுக்கு இது ஏற்றது. ஈரமண்ணின் எடையைத் தாங்குமா எனப் பொறியாளர் ஆராய்ந்த பின்னரே அமைக்க வேண்டும். தகடு வேய்ந்த வீடுகள் அந்தச் சுமையைத் தாங்கா.

இந்திய நகரங்களின் அனுபவம்

2010 மே மாதம் குஜராத்தின் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியசைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இதன் பின்னர் 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. எச்சரிக்கை அறிவிப்பு, மருத்துவப் பணியாளர் பயிற்சி ஆகியவற்றோடு தொடங்கிய இத்திட்டத்தில், பின்னர் எளிய குடும்பங்களின் கூரைகளுக்கு வெண்பூச்சு பூசும் பணியும் சேர்ந்தது. தெலங்கானா அரசு 2023இல் குளிர் கூரைக் கொள்கையை வெளியிட்டு, 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பை இலக்காக வைத்தது.

வரம்புகள்

வறண்ட நகரங்களில் புழுதி படிந்து வெண்மை விரைவில் மங்குகிறது. எனவே கூரையை அவ்வப்போது கழுவ வேண்டும். கண்கூச்சம் அருகிலுள்ள உயர்மாடியினரைத் தொல்லைப்படுத்தலாம். குளிர்காலம் கடுமையான ஊர்களில் வீட்டைச் சூடாக்கும் செலவு சற்றுக் கூடலாம். நிழல் தரும் மரம், காற்றோட்டம், குடிநீர் ஆகியவற்றுக்கு இக்கூரைகள் மாற்றாகா. எனினும் மின்சாரமோ நீரோ அன்றாடம் செலவாகாமல் ஏழை வீட்டின் வெப்பத்தைத் தணிக்கும் வழிகளுள் வெண்பூச்சே மிக எளியது.