உங்களுக்குத் தெரியுமா? லண்டன் – கல்கத்தா: 28 நிமிடம்!

1870 ஏப்ரல் 12 அன்று லண்டனில் கொடுத்த தந்திச் செய்தி, 28 நிமிடத்தில் கல்கத்தாவை எட்டியது. கப்பலேறிய கடிதங்கள் அப்போது வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன.

● பெர்லின், வார்சா, ஒடெசா, டெஹ்ரான் வழியாக ஏறத்தாழ 11,000 கி.மீ. டெஹ்ரான் வரையிலான தடத்தை அமைத்தவர்கள் சீமென்ஸ் சகோதரர்கள். கம்பியில் பறந்த சொற்கள், கடைசியில் தாளில் ஏறித்தான் வீடு சேர்ந்தன. அதுதான் இதில் அழகு!

● 1931 வரை இத்தடம் பயன்பட்டது.

● இணையத்தில் எழுதியதை வெளிநாட்டிலேயே அச்சிட்டு, உறையிலிட்டுச் சேர்க்கும் இன்றைய சேவைகளிலும் தாள் கடல் தாண்டுவதில்லை.

● உள்நாட்டுக் கடிதங்களுக்கு இதே முறையில் இந்திய அஞ்சல் துறை 2004 ஜனவரியில் ‘இ-போஸ்ட்’ தொடங்கியது. அஞ்சலகம் அச்சிடும், தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார்.